முதலும் சினையும்

ஒரு பொருளின் உறுப்புகளுள் சில அழிந்துபோக, அவற்றின் இடத்தில் அவற்றைப் போலவே செய்த புதிய உறுப்புகள் வந்து அமர்ந்த பின்னரும் அப்பொருளை அதே பொருள் என்று சொல்லலாமா என்னும் வினாவை, கல்லூரியில் தர்க்க சாஸ்திரம் கற்பித்த முப்பது ஆண்டுகளிலும் நான் ஆண்டு தவறாமல் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். மாணவர் தமக்குத் தோன்றிய விடையைச் சொல்வர். நானும் சாஸ்திரங்களின் விடைகளைச் சொல்வேன். மணி அடித்ததும் வினா பலகையிலிருந்து அழிந்துவிடும். அவ்வினா ஒருவரை இராப்பொழுதில் உறங்கவிடாமல் செய்யக்கூடியது என்பதையும், விடை சொல்ல முன்வருகிறவன் தன் விடையை இரும்பில் வெட்டிக் கொடுக்க நேரும் என்பதையும், பழைய பட்டாளத் துப்பாக்கி ஒன்றைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த ஒரு முதியவரின் பட்டறையில்தான் நான் அறிந்துகொண்டேன்.

அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்தில், ஷெனண்டோவா பள்ளத்தாக்கின் வடபகுதியில் உள்ள வின்செஸ்டர் நகருக்கு அருகே என் மகள் குடியிருக்கிறாள். 2013ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே சென்று ஒரு குளிர்காலம் முழுவதும் தங்கினேன். பக்கத்து வீட்டுக்காரர் எழுபத்தைந்து வயதைக் கடந்தவர். ரயில்வே பட்டறையில் கடைசல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்து தனியே வாழ்பவர். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது கைமாறிக் கைமாறி அல்லற்பட்ட ஊர்களுள் வின்செஸ்டர் ஒன்றாதலின், அந்தப் போர்க்காலத்துத் துப்பாக்கிகளின்மீது அவ்வூராருக்கு ஒரு குலப்பற்று உண்டு. நார்த்-சவுத் ஸ்கர்மிஷ் அசோசியேஷன் என்னும் சங்கம் 1950 முதல் அத்தகைய துப்பாக்கிகளைக் கொண்டு குறி சுடும் போட்டிகளை நடத்தி வருகிறது. அதன் மைதானமும் அந்நகருக்கு அருகிலேயே இருக்கிறது. பெரியவர் ஒரு காலத்தில் அச்சங்கத்தின் போட்டிகளில் கலந்துகொண்டவர். இப்போது கண் மங்கிவிட்டதால் சுடுவதை விட்டுவிட்டுச் செப்பனிடுவதை மட்டும் வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆண்டு அவருடைய மேஜைமேல் கிடந்தது நேபாளத்திலிருந்து வந்த துப்பாக்கி. காட்மாண்டு நகரில் லகன் சிலேகானா என்னும் பழைய அரண்மனை ஆயுதசாலையில் நூற்றாண்டுக்கு மேல் அடைந்து கிடந்த பல்லாயிரக்கணக்கான பழைய துப்பாக்கிகளை 2003ஆம் ஆண்டில் அமெரிக்க வியாபாரிகள் மொத்தமாக விலைக்கு வாங்கிக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். அவற்றுள் ஆங்கிலேயர் செய்தவை உண்டு. ஆங்கிலேயரின் மாதிரியைப் பார்த்து நேபாளத்துக் கொல்லர் தம் பட்டறைகளில் செய்தவையும் உண்டு. பெரியவரிடம் இருந்தது இரண்டாம் வகை. 1853ஆம் ஆண்டு மாதிரி என்பீல்டு என்று பெயர் பெற்ற சுரிகுழல் துப்பாக்கியின் அச்சு அசலான பிரதி: முப்பத்தொன்பது அங்குலக் குழல், அதைக் கட்டையோடு சேர்த்துப் பிடிக்க மூன்று பூண்கள், வாய்வழியே மருந்திட்டுக் கேப்பை வைத்துக் குதிரை தட்டச் சுடும் அமைப்பு. நூற்றைம்பது ஆண்டுத் தூசியும் கெட்டிப்பட்ட கொழுப்பும் அதன்மேல் மரப்பட்டைபோல் ஒட்டியிருந்தன. எந்தப் பிராணியின் கொழுப்போ அறியோம். அதை அவர் கரைப்பானில் நனைத்த துணியால் ஒரு வாரம் துடைத்தார். துடைத்த பிறகே இல்லாதவை எவை என்பது தெரிந்தது: நடுப்பூண் இல்லை, குதிரையை உந்தும் வில் முறிந்திருந்தது, கேப்பு செருகும் காம்பு உளுத்துவிட்டது, பின்குறி கழன்று எங்கோ போய்விட்டது, மருந்தை இடிக்கும் கோலும் இல்லை.

நான் முதன்முதலில் அந்தப் பட்டறைக்குள் நுழைந்தது, அவர் என்னை ஓர் எழுத்தைப் படித்துச் சொல்லும்படி அழைத்ததனால்தான். குழலின் அடிப்பக்கத்திலும், பூட்டு என்று அத்தொழிலாளர் அழைக்கும் சுடுபொறியின் தகட்டு உட்புறத்திலும், இரண்டு திருகாணிகளின் தலையிலும் ஏதோ கீறியிருந்தது. தேவநாகரி இலக்கங்கள். நாற்பத்திரண்டு என்று படித்துச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவ்வாறான பட்டறைகளில் ஒவ்வோர் உறுப்பும் அதனதன் துணை உறுப்புக்கு ஏற்பக் கையால் அராவிப் பொருத்தப்படும். ஒன்றின் பூட்டு மற்றொன்றின் கட்டையில் உட்காராது. ஆகையால் துடைப்பதற்கும் செப்பனிடுவதற்கும் கழற்றிய உறுப்புகள் ஒன்றோடொன்று கலந்துவிடாமலிருக்க ஒரே எண்ணை எல்லாவற்றிலும் கீறி வைப்பது வழக்கம். பெயர் தெரியாத ஒரு கொல்லன் தன் கையால் செய்த உறுப்புகளுக்கு இட்ட குடிப்பெயர் அந்த நாற்பத்திரண்டு.

இந்த இடத்தில் சற்றே பழங்கதை பேச வேண்டியிருக்கிறது. ஒரு துப்பாக்கியின் எந்த உறுப்பும் அதே வகையைச் சேர்ந்த எந்தத் துப்பாக்கியிலும் பொருந்த வேண்டும் என்ற எண்ணம் மனித குலத்துக்கு மிகச் சமீபத்தில் உதித்தது. 1785ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டில் ஹோனோரே பிளாங்க் என்னும் கைவினைஞர், ஐம்பது துப்பாக்கிப் பூட்டுகளைப் பிரித்து அவற்றின் உறுப்புகளை வகைவகையாக அறைகளில் இட்டு, அப்போது அங்கே அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெபர்சன் முன் வைத்தார். ஜெபர்சன் கைக்கு வந்த உறுப்புகளைத் தேர்வின்றி எடுத்துத் தாமே சில பூட்டுகளைச் சேர்த்துப் பார்த்தார். எல்லாம் பிழையறப் பொருந்தின. அவ்வியப்பைத் தம் நாட்டுக்குக் கடிதமாக எழுதியனுப்பினார். அந்த எண்ணம் அமெரிக்காவில் வேரூன்றி அரை நூற்றாண்டில் ஆலமரமாயிற்று. 1851இல் லண்டன் பொருட்காட்சிக்கு வெர்மான்ட் மாநிலத்து ராபின்ஸ்-லாரன்ஸ் கம்பெனியார் அவ்வாறு செய்த துப்பாக்கிகளைக் கொண்டுபோய் வைத்தார்கள். ஆங்கில அரசாங்கத்தார் 1854இல் ஒரு குழுவை அமெரிக்காவுக்கு அனுப்பி யந்திரங்களை வாங்கினார்கள். லண்டனுக்கு வடக்கே என்பீல்டு தொழிற்சாலையில் அந்த யந்திரங்கள் வேலை செய்யத் தொடங்கின. ஒன்றுக்கு ஒன்று மாற்றத்தக்க உறுப்புகளைக் கொண்ட என்பீல்டுகள் 1857ஆம் ஆண்டளவில் அங்கிருந்து திரளாக வெளிவந்தன.

அந்த 1857ஆம் ஆண்டு நமக்கு வேறொரு காரணத்தால் ஞாபகத்தில் இருப்பது. அவ்வாண்டின் தொடக்கத்தில் வங்காளத்து டம்டம் ஆயுதசாலையில் இதே என்பீல்டின் தோட்டாக் காகிதத்தில் பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் தடவியிருக்கிறது, அதைப் பல்லால் கடித்துக் கிழிக்கச் சொல்கிறார்கள் என்ற பேச்சுப் பரவிற்று. பல்லால் கடிக்க வேண்டாம், கையால் கிழித்தால் போதும் என்று அதிகாரிகள் விதியை மாற்றிய பிறகும் அந்த அச்சம் தணியவில்லை. ஏப்ரல் 24ஆம் தேதி மீரட் நகரில் தொண்ணூறு குதிரைவீரருள் எண்பத்தைந்து பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். அன்று அவர்களுக்குக் கொடுக்கப்பட்டவை புதிய என்பீல்டின் தோட்டாக்கள்கூட அல்ல, அவர்கள் முன்பே கையாண்டு வந்த பழைய வகையைச் சேர்ந்தவை. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்குந்தோறும் என் உள்ளம் நின்றுவிடுகிறது. ஒரே துப்பாக்கி; ஒரே ஆண்டு. லண்டனுக்கு அருகே, எந்த உறுப்பும் எந்த உறுப்பையும் தொடலாம், ஒன்றுக்கென்று ஒரு பிறப்பு இல்லை என்ற சித்தாந்தம் இரும்பில் ஸ்தாபிக்கப்பட்டது. கங்கைச் சமவெளியில், எதனை எது தொட்டது என்பதே ஒரு மனிதனின் இம்மையையும் மறுமையையும் தீர்மானிப்பது என்று கருதிய மக்கள் அதே இரும்பின் முன்னே அஞ்சி நின்றார்கள். அவர்களை மூடர் என்று எழுதிய சரித்திரக்காரர் உண்டு. நான் அவ்வாறு எண்ணவில்லை. பொருள்கள் தமக்கு முன் நேர்ந்தவற்றைச் சுமந்துகொண்டுதான் நம் கைக்கு வருகின்றன என்று அவர்கள் நம்பினார்கள். பழம்பொருளைப் போற்றுகிற ஒவ்வொருவரும் அந்த நம்பிக்கையை உடையவரே. அது இல்லாதவர் ஒரு பழைய துப்பாக்கிக்காக ஒரு குளிர்காலத்தைச் செலவழிக்கமாட்டார்.

இனிப் பெரியவரின் தேட்டத்துக்கு வருவோம். இத்தாலியில் பிரேஷியா நகரத்துக்கு வடக்கே, பல நூற்றாண்டுகளாக ஆயுதத் தொழில் நடக்கும் கார்டோனே வால் ட்ரோம்பியா என்னும் பள்ளத்தாக்கு ஊரில், அமெரிக்க ரசிகர்களுக்காகப் பழைய துப்பாக்கிகளின் நகல்கள் 1950களின் இறுதி முதல் செய்யப்படுகின்றன. என்பீல்டுக்கு வேண்டிய பூண், குறி, வில், காம்பு, இடிகோல் எல்லாம் அங்கிருந்து வரும். ஆனால் வந்தவுடன் பொருந்தும் என்று எண்ணிவிடலாகாது. பழைய ஆங்கிலத் திருகாணியின் மரை அங்குலத்துக்கு இத்தனை சுற்று என்ற கணக்கில் வெட்டப்பட்டது. இத்தாலியரின் மரை மில்லிமீட்டர்க் கணக்கில் வெட்டப்படுவது. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஒன்றனுள் ஒன்றைத் திருகினால் முதல் இரண்டு சுற்று இசைந்து போகும். மூன்றாவதில் இறுகி நின்றுவிடும். வலிந்து திருகினால் இரண்டும் கெடும்.

இந்த மரை வேற்றுமையினால்தான் அவருக்கு ஒரு வஞ்சனை வெளிப்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாபாரியிடமிருந்து, பர்மிங்காம் நகரத்தில் 1862இல் செய்தது என்று சொல்லப்பட்ட ஒரு பூட்டை அதிக விலை கொடுத்து வாங்கியிருந்தார். தகட்டில் கிரீடமும் ஆண்டும் பதிந்திருந்தன. துரு பிடித்திருந்த அழகும், மூலைகள் தேய்ந்திருந்த விதமும் எவரையும் ஏமாற்றக்கூடியவை. குதிரையைப் பிடிக்கும் திருகாணியைக் கழற்றி மரை அளவியை வைத்துப் பார்த்தார். மில்லிமீட்டர் மரை. புதிய இத்தாலியப் பூட்டைப் புளித்த காடியில் ஊறவைத்து, உப்பு நீரில் துருவேற்றி, மணலிட்டுத் தேய்த்துக் கிழமாக்கி விற்றிருக்கிறார்கள். பணம் போனதைப் பற்றி அவர் வருந்தவில்லை. "நான் அதை மூன்று ஆண்டு கையில் எடுத்து எடுத்துப் பார்த்து, இதைச் சுமந்தவன் யாரோ என்று எண்ணிக்கொண்டிருந்தேன், அந்த எண்ணத்தை எங்கே போய்த் திருப்பி வாங்குவது?" என்று என்னிடம் கேட்டார். அந்தப் பூட்டை அவர் விற்கவில்லை. இன்னொருவரை ஏமாற்றாதபடி, தகட்டின் வெளிப்புறத்தில் நகல் என்று பெரிய எழுத்தாகப் பொறித்துச் சுவரில் மாட்டி வைத்திருந்தார்.

பொருத்துகிற வேலையை நான் அருகிலிருந்து பார்த்தது எனக்குப் பெரும் பேறு. பூண் ஒன்றைக் கட்டையில் ஏற்ற வேண்டும். கட்டை வால்நட் மரம். நூற்றைம்பது ஆண்டில் வற்றிச் சுருங்கி ஒருபுறம் சாய்ந்துவிட்டது. அவர் ஒரு சிறு எண்ணெய் விளக்கை ஏற்றி, அதன் சுடரில் பூணின் உட்புறத்தைக் காட்டிக் கரி படியவைத்தார். பிறகு அதைக் கட்டைமேல் மெல்ல ஏற்றி, ஒரு கணம் அழுத்தி, வெளியே எடுத்தார். மரம் எங்கே பூணைத் தடுத்ததோ அங்கே மட்டும் ஒரு கறுப்புப் புள்ளி. மரத்தில் அந்த இடத்தை உளியால் மயிரிழை சீவினார். மறுபடியும் கரி, மறுபடியும் புள்ளி, மறுபடியும் ஒரு சீவல். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கியது பிற்பகல் மூன்று வரை நடந்தது. நடுவில் எனக்கு ஓர் ஐயம் தோன்றியது. பழைய மரத்தை ஏன் சீவ வேண்டும், புதிய இரும்பை அராவக் கூடாதா என்று கேட்டேன். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமலிருந்தார். அதன்பின் மரத்தைத் தொடவேயில்லை. பூணை எடுத்துக்கொண்டு அரத்தின் பக்கம் போனார். வந்தது இருந்ததற்கு வழிவிட வேண்டும் என்பதை நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததாக அவர் பின்னர் பலரிடமும் சொன்னார். உண்மையில் அவரே அதை அறிந்தவர். அன்று களைப்பினால் மறந்திருந்தார்.

நான் கரும்பலகையில் எழுதிய அந்த வினாவை நம் சாஸ்திரங்கள் அறியாதவை அல்ல. யவன அரசனான மிலிந்தனிடம் நாகசேனர் என்னும் பௌத்தத் துறவி, நீ ஏறி வந்த ரதம் எது, அச்சா, சக்கரமா, நுகமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எதுவும் ரதம் இல்லை, எல்லாம் சேர்ந்தவிடத்து ரதம் என்பது வழங்கும் பெயரே என்று ஒப்புக்கொள்ளச் செய்த வரலாறு பிரசித்தம். நியாய தரிசனத்தாராகிய நையாயிகர் அதற்கு நேர்மாறாக, உறுப்புகளுக்கு வேறாக முழுப்பொருள் ஒன்று உண்டு, அதுவே அவயவி என்று சாதிப்பர். அப்படியானால் ஆடையிலிருந்து ஒரு நூலை உருவினால் என்ன ஆகும்? பழைய ஆடை அழிந்தது, வேறோர் ஆடை அக்கணமே பிறந்தது என்று அஞ்சாமல் விடை கூறுவர். அதே ஆடை என்று நாம் அடையாளம் கண்டுகொள்வதெல்லாம், கணந்தோறும் மாறும் தீபச்சுடரை அதே சுடர் என்று கூறுவது போன்ற ஒப்புமைதான் என்பது அவர்கள் துணிபு. வைசேஷிகரோ இன்னும் ஒருபடி மேலே போய், பச்சை மண்குடம் சூளையில் வேகும்போது அணு அணுவாகப் பிரிந்து, நிறம் மாறிய அணுக்கள் மீண்டும் கூடிப் புதுக்குடம் ஆகிறது என்று கூறினார்கள். இளமையில் இதைப் படித்தபோது, வாதத்தில் தோற்காமலிருப்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டார்கள் என்று நினைத்தேன். இப்போது அவ்வாறு நினைக்கவில்லை. ஒரு நூல் போனாலும் போனதுதான் என்ற அவர்களுடைய கண்டிப்பில் ஒரு நேர்மை இருக்கிறது. காடியில் ஊறவைத்துக் கிழமாக்கியவனிடம் இல்லாத நேர்மை.

எனினும் அவர்கள் விடை எனக்கு நிறைவளிக்கவில்லை. என்பீல்டின் சரித்திரத்திலேயே அவர்களைத் தடுமாற வைக்கும் செய்திகள் உண்டு. 1866ஆம் ஆண்டு தொடங்கி ஆயிரக்கணக்கான என்பீல்டுகளின் பின்புறத்தை வெட்டியெடுத்துவிட்டு, ஜேக்கப் ஸ்னைடர் கண்டுபிடித்த மூடியைப் பொருத்திப் பின்வழியே தோட்டா இடும்படி மாற்றினார்கள். குழலும் கட்டையும் பூட்டும் பழையவை, துப்பாக்கியின் இயல்பு புதியது, பெயரும் இரண்டையும் சேர்த்து ஸ்னைடர்-என்பீல்டு. மற்றொன்று இன்னும் கடுமையானது. 1857க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கென்று 1858ஆம் ஆண்டு மாதிரி ஒன்று ஏற்பட்டது. வெளித்தோற்றத்தில் அதே என்பீல்டு, ஆனால் குறியைத் தவறாமல் அடிக்க உதவும் சுரிவரிகளைக் குழலினுள்ளிருந்து குடைந்தெடுத்து வழவழப்பாக்கிவிட்டார்கள். ஓர் உறுப்பும் குறையவில்லை. அதைத் துப்பாக்கிகளுள் சிறப்பித்த குணம் ஒன்றே போயிற்று. உறுப்பு எண்ணிக் கணக்குப் பார்ப்பவர் இதற்கு என்ன சொல்வர்?

உயிர் ஓரிடத்தில் தங்கியிருக்கிறது, அது தங்கியிருக்கும் உறுப்பு மாறாதவரை பொருள் மாறவில்லை என்று சொல்வது மற்றொரு வழி. புரியில் ஜகந்நாத மூர்த்தியின் திருமேனி வேப்ப மரத்தாலானது. குறித்த ஆண்டுகளில் புதுமரம் தேடி, புதுத் திருமேனி செதுக்கி, பழைய திருமேனிக்குள் இருக்கும் பிரம்ம பதார்த்தத்தைக் கண்ணைக் கட்டிக்கொண்ட முதிய சேவகர் நள்ளிரவில் எடுத்துப் புதியதனுள் வைப்பர். பழைய திருமேனி கோயிலுக்குள்ளேயே பூமியில் அடக்கம் செய்யப்படும். 1977, 1996, 2015 ஆகிய ஆண்டுகளில் அது நடந்தது. நம் ஊர்க் கோயில்களில் திருப்பணியின்போது தெய்வ ஆற்றலை ஈர்க்கும் கலாகர்ஷணம் செய்து பாலாலயத்தில் மூர்த்தியை எழுந்தருளச் செய்வதும் அந்த வகையே. இதைப் பெரியவருக்கு விளக்கியபோது அவர் தம் நாட்டுச் சட்டத்தைச் சொல்லி என்னைத் திகைக்க வைத்தார். 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு துப்பாக்கியில் மற்ற எல்லாவற்றையும் தாங்கும் நடுச்சட்டம் ஒன்றே துப்பாக்கி என்று கொள்ளப்படும். குழல், கட்டை, வில் எல்லாம் வெறும் உறுப்புகள். வரிசை எண்ணும் அதன்மேல்தான் பொறிக்கப்படும். ஆனால் 1898ஆம் ஆண்டு முடிய உண்டான பழைய துப்பாக்கிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது. ஆகையால் தம் மேஜைமேல் இருப்பதற்கு உயிர்நிலை எது என்று எந்தச் சட்டமும் தமக்குச் சொல்லவில்லை, தாமேதான் தீர்மானிக்க வேண்டும் என்றார்.

கொலைக்கருவி ஒன்றைப் புதுப்பிக்கும் செயலில் இத்தனை சிரத்தை தகுமா என்று வாசகர் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். தமிழ் இலக்கணம் மூன்றாம் வேற்றுமையின் பொருளைச் சொல்லும்போது கருவியையும் கருத்தாவையும் ஓருருபின்கீழ் வைத்தாலும், இரண்டென்றே எண்ணும். வினையின் பயன் கருத்தாவைச் சேரும், கருவியைச் சேராது. நாற்பத்திரண்டு என்ற எண்ணுடைய அந்தத் துப்பாக்கி எவரையேனும் கொன்றிருந்தால் அதன் பாவம் அதை ஏந்தியவனோடும் ஏவியவனோடும் போய்விட்டது. இரும்பில் எஞ்சியிருப்பது ஒரு கொல்லனின் அராவல்தான். அதைக் காப்பாற்றுவது வேலையைக் காப்பாற்றுவதாகும், கொலையைக் காப்பாற்றுவதாகாது என்று தெளிந்தேன்.

பிப்ரவரி மாதத்தின் இறுதியில் எல்லா உறுப்புகளும் பொருந்திவிட்டன. அன்று மாலை பெரியவர் ஒரு காகிதத்தையும் பென்சிலையும் என் முன்னே வைத்து, அந்த நாற்பத்திரண்டைத் தேவநாகரியில் தெளிவாக எழுதிக் கொடுக்கும்படி கேட்டார். புதிய பூணிலும் வில்லிலும் குறியிலும் காம்பிலும் கோலிலும் அதைத் தம் கையால் வெட்டிவிடப் போவதாகச் சொன்னார். மற்ற உறுப்புகளெல்லாம் ஒரு குடும்பத்துப் பெயரோடு இருக்கையில் இவை மட்டும் பெயரின்றி இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. நாளை எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எழுதிக் கொடுத்தால், இன்னும் ஐம்பது ஆண்டுக்குப்பின் அதைக் கையில் எடுக்கும் ஒருவன் ஒரே எண் எங்கும் இருக்கக் கண்டு, எல்லாம் காட்மாண்டுக் கொல்லனின் வேலை என்று நம்புவான். மில்லிமீட்டர் மரை அவனுக்கு உண்மையைச் சொன்னாலும் என் எழுத்து பொய் சொல்லும். எழுதிக் கொடுக்காவிட்டால், ஆறு வாரம் கரி பூசிச் சீவிச் சேர்த்த உறவை நான் மறுத்தவனாவேன். விடியும்போது தொல்காப்பியம் நினைவுக்கு வந்தது. வேற்றுமை மயங்கும் இடங்களைக் கூறும் இயலில் ஆசிரியர், முழுப்பொருளாகிய முதலும் உறுப்பாகிய சினையும் பொருளால் வேறு வேறு ஆவன அல்ல, சொல்லுகிறவன் கருதிய கருத்தைப் பொறுத்தே ஒன்று முதலாகவும் ஒன்று சினையாகவும் ஆகும் என்று முடிவு கட்டியிருக்கிறார். கிளை மரத்துக்குச் சினை. அதுவே இலைக்கு முதல். முழுமை என்பதைப் பொருளுக்குள் தேடிக்கொண்டிருந்த நாகசேனருக்கும் நையாயிகருக்கும் நடுவே, அது சொல்லுகிறவனின் குறிப்பில் இருக்கிறது என்று எங்கள் இலக்கண ஆசிரியர் அமைதியாகச் சொல்லிவிட்டுப் போனார். முழுமை சொல்லில் இருக்குமானால் அதற்குரிய அறமும் சொல்லுக்குரிய அறமே: வாய்மை. உறுப்பு புதியதா பழையதா என்பது தச்சனின் விஷயம்; புதியதைப் பற்றி என்ன சொல்கிறோம் என்பதில்தான் அந்தப் பொருள் அதுவாக இருப்பதும் இல்லாமற்போவதும் நிற்கிறது.

தொல்காப்பியத்தைத் தொடர்ந்து திருக்கோடிகாவல் ஞாபகம் வந்தது. காவிரியின் வடகரையில் உள்ள அக்கோயிலைப் பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் கற்றளியாகப் புதுக்கியபோது, பழைய கோயிலில் இருந்த கல்வெட்டுகளையெல்லாம் புதுச்சுவரில் மறுபடியும் வெட்டச் செய்தார். அரசி நினைத்திருந்தால் அவற்றை மூலம் என்றே நிற்க வைத்திருக்கலாம், கேட்பார் யார்? ஆனால் அந்தச் சாசனங்கள், தாம் பழங்கல்லின் படி என்று தம் வாயாலேயே கூறிக்கொள்கின்றன. நகல், தன்னை நகல் என்று சொல்லிக்கொண்டே அசலின் வேலையைச் செய்கிறது. அச்சாசனத்தில் கண்ட நிலமும் விளக்கும் அதனால் ஒரு குறைவும் அடையவில்லை. பல நாட்டு வல்லுநர் 1964ஆம் ஆண்டில் வெனிஸ் நகரத்தில் கூடி, பழஞ்சின்னங்களில் சேர்க்கும் புதிய பகுதி முழுமையோடு இசைந்தும் இருக்க வேண்டும், பழையதிலிருந்து வேறுபடுத்தி அறியக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். நல்ல விதி. நம்முடைய அரசி ஒருத்தி அதற்கு ஆயிரம் ஆண்டு முன்பே அதைக் கல்லில் செய்து காட்டினாள். மணலை வீசியடித்துக் கோயில் கல்லெழுத்துகளையே அழித்துவிட்டுத் திருப்பணி என்று பெயர் சொல்பவர்கள் ஒருமுறை திருக்கோடிகாவலுக்குப் போய் வர வேண்டும்.

மறுநாள் காலையில் பெரியவரிடம் இரண்டு வரியாக எழுதிக் கொடுத்தேன். மேல் வரியில் தேவநாகரியில் நாற்பத்திரண்டு. அதன் கீழே, அவர் நாட்டு இலக்கத்தில், 2014. காகிதத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கம் ஒன்றும் கேட்கவில்லை. உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பிடிப்பானில் இறுக்கி, சிற்றுளியால் வெட்டத் தொடங்கினார். வில் கடினமான எஃகாதலால் அதில் வெட்டினால் வெடிப்பு விழும் என்று சொல்லி, அதில் மட்டும் அமிலத்தால் எழுதினார். முதலில் வெட்டிய பூணில் இரண்டின் வால் சற்றே கோணிற்று. அதை அவர் திருத்தவில்லை. மாலைக்குள் ஐந்து உறுப்புகளிலும் இரண்டு வரிகளும் பதிந்துவிட்டன. பூணில் உட்புறத்தில் இருக்கிறது, கழற்றினால்தான் தெரியும்.

அந்தத் துப்பாக்கி இப்போது அவருடைய பேரனிடம் இருக்கிறது. எந்தெந்த உறுப்பு எங்கிருந்து வந்தது, எந்த நாளில் பொருத்தியது என்று பெரியவர் தம் கையால் எழுதிய நான்கு பக்கத் தாளும் அதனுடன் இருக்கிறது.